பேராசிரியரின் தந்தையாரை வரவேற்கிறோம்

மேடை ஏறியவனையும் மரம் ஏறியவனையும் கீழே நின்று கூப்பிட்டு இறக்க முடியாது என்று சின்னவனின் அப்பா அடிக்கடி சொல்வார். மரம் ஏறியவனாவது பசி எடுத்தால் தானே இறங்கிவிடுவான் என்றும் சேர்த்துக்கொள்வார். இதெல்லாம் மூத்த மகனை மனத்தில் வைத்துச் சொல்வது. மூத்தவர் பல்கலைக்கழகத்தின் மானுடக் கலைக் கல்லூரியில் பேராசிரியர். இளையவன் ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறான். வீட்டில் பெரியவன், சின்னவன் என்றே கூப்பிட்டுப் பழகி, இருவருக்கும் தலை நரைத்த பிறகும் அதுவே நிலைத்துவிட்டது.

அந்த அப்பாதான் அன்று மதியம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னவனை ஓரமாகக் கூட்டிப்போய், "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றார். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்பாவுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. வந்த நேரத்தில் கண்ணைச் சுழற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"பெரியவன்?"

பெரியவரின் போன் அணைத்து வைத்திருந்தது. எத்தனை முறை போட்டாலும் அதே பதில்.

"இன்னைக்கு அவங்க காலேஜ்ல ஏதோ கூட்டம்னு பெரியவர் வீட்டு அக்கா சொன்னாங்க. போன் வேலைக்கு ஆகாது. நீங்க நேர்ல போய்க் கையோட கூட்டிட்டு வந்துருங்க. நான் மாமா பக்கத்துலயே இருக்கேன்" என்றாள் சின்னவனின் மனைவி.

"இதோ போனேன், இதோ வந்தேன்" என்று சொல்லிவிட்டு வேனை எடுத்தான். பாவம், நம்பித்தான் சொன்னான்.

கல்லூரி வாசலில் ஆள் உயரப் பதாகை கட்டியிருந்தார்கள். பொதுச் சொற்பொழிவும் கலை நிகழ்ச்சியும். தலைப்பு: 'அருகிருத்தலின் அறம் – மனிதர் மனிதருக்குப் பக்கத்தில் இருப்பது குறித்து'. அதற்குக் கீழே 'அனைவரும் வருக' என்றும், அதற்கும் கீழே சின்ன எழுத்தில் 'வெளியாட்கள் காரணம் கூற வேண்டும்' என்றும் போட்டிருந்தது. அரங்கத்தின் கதவை அடைத்துக்கொண்டு ஒரு காவலாளி உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ஸ்டூலின் மேல் ஒரு பிளாஸ்டிக் கூடை. கூடை நிறையப் போன்கள்.

"உள்ள எங்கண்ணன் இருக்காரு. அவசரமாப் பார்க்கணும்."

"சொற்பொழிவு கேட்க வந்தீங்களா, ஆளைப் பார்க்க வந்தீங்களா?"

"ஆளைக் கூப்பிட வந்தேன். எங்கப்பா சீரியஸா இருக்காரு."

"ஆளைப் பார்க்கன்னா முடிஞ்சப்புறம் வாங்க. கேட்க வந்தவங்களை மட்டுந்தான் உள்ள விடச் சொல்லியிருக்காங்க."

சின்னவன் ஒரு நொடி யோசித்தான். "சரி, கேட்கத்தான் வந்தேன்" என்றான்.

காவலாளியின் முகம் மலர்ந்தது. அந்தக் கதவில் தானாக விரும்பி வந்து அப்படிச் சொன்ன முதல் ஆள் இவன்தான். "ஆனா ஒண்ணு. உள்ள போயிட்டா முடியுற வரைக்கும் வெளிய வர முடியாது. போன தடவை எல்லாரும் டீ குடிச்சிட்டு வர்றோம்னு எழுந்து போனவங்கதான், பேசுறவரும் மைக்காரரும் மட்டும் மிச்சம். அதுலேர்ந்து பூட்டிடச் சொல்லி உத்தரவு."

"இது என்னங்க, ஜெயிலா?"

"சேச்சே" என்று காவலாளி தலைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினார். 'சுதந்திரச் சிந்தனை அரங்கம்' என்று பித்தளை எழுத்தில் பொறித்திருந்தது.

போனைக் கூடையில் போடச் சொன்னபோது சின்னவன், தன்னிடம் போனே கிடையாது என்று துணிந்து பொய் சொன்னான். கூடையின் மேலாகவே அண்ணனின் போன் கிடந்தது. அந்த விரிசல் விட்ட உறையை அவனுக்கு நன்றாகத் தெரியும். கதவு திறந்தது, அவன் நுழைந்தான், பின்னால் தாழ் விழுகிற சத்தம் கேட்டது.

உள்ளே மேடையில் ஆட்கள் பேருந்தில் உட்கார்வதுபோல நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கீழே மாணவ மாணவியர். முடிந்து போகும்போதுதான் வருகைப்பதிவு என்று சொல்லி வைத்திருந்ததால் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. ஒருவர் வரவேற்புரை நிகழ்த்திக்கொண்டிருந்தார். வரவேற்புரை நிகழ்த்துபவரை வரவேற்று இன்னொருவர் ஏற்கெனவே பேசி முடித்து உட்கார்ந்திருந்தார்.

மேடையின் ஓரத்தில் அண்ணன் இருந்தார். சின்னவன் கையை வீசினான். அண்ணன் பார்த்தார். பார்த்ததும் அந்த முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் வேண்டும். வருஷக்கணக்காக ஒவ்வொரு கூட்டத்துக்கும் வீட்டாரைக் கூப்பிட்டிருக்கிறார். வேலை இருக்கிறது, கால் வலிக்கிறது, புரியாது என்று ஆளுக்கொரு சாக்கு. ஒரு குருவி எட்டிப் பார்த்ததில்லை. இன்று தம்பி வந்திருக்கிறான்! சின்னவன் 'வா, வா' என்று கையால் அழைத்தான். அண்ணன் 'உட்கார், உட்கார்' என்று கையால் பதில் சொன்னார். பிறகு சட்டையில் தொண்டர் பட்டை குத்திய ஒரு மாணவியிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவள் ஓடிவந்து, "சார் உங்களை முன் வரிசையில உட்காரச் சொன்னாங்க" என்று சின்னவனைக் கையோடு அழைத்துப்போய், ஒரு பெரிய சோபாவில் அழுத்தி உட்கார வைத்துவிட்டாள்.

"அம்மா, அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். உயிர் போற விஷயம்."

"மேடைக்கு எதுவும் வாயால சொல்லக்கூடாதுங்க. சீட்டுதான் அனுப்பணும்." சீட்டும் பேனாவும் அவளே கொடுத்தாள். அவன் வேகவேகமாக எழுதத் தொடங்கியதும் பதறிப்போய்த் தடுத்தாள். "ஐயோ, வாக்கியமா எழுதாதீங்க! முன்னாடி ஒருத்தர் 'சீக்கிரம் முடி'ன்னு எழுதி அனுப்பி, தெரியாம அதையும் வாசிச்சுட்டாங்க. அதுலேர்ந்து பேரு, உறவு, எங்கேர்ந்து, இவ்வளவுதான் எழுதலாம்."

சரி, புத்தியுள்ளவனுக்கு இது போதாதா என்று அவன் எழுதினான்: 'பேராசிரியரின் அப்பா. ஆஸ்பத்திரி.'

சீட்டு கைமாறிக் கைமாறி மேடைக்குப் போனது. போய் அண்ணனிடம் சேரவில்லை. நிகழ்ச்சித் தொகுப்பாளரிடம் சேர்ந்தது. அந்த மேடையின் வழக்கம் அப்படி. அங்கே கீழிருந்து ஒரு சீட்டு வந்தால் அதற்கு ஒரே பொருள்தான்: யாரையோ வரவேற்க மறந்துவிட்டோம். தொகுப்பாளர் சீட்டைப் படித்து நெற்றியில் அடித்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"மன்னிக்கவும், ஒரு முக்கியப் பெயர் விடுபட்டுவிட்டது. நமது பேராசிரியரின் தந்தையார், மருத்துவமனையின் சார்பில் இங்கே வருகை தந்து நம்மைப் பெருமைப்படுத்தியிருக்கிறார். அவரை வருக வருக என வரவேற்கிறோம். பலத்த கரவொலி!"

அரங்கம் அதிர்ந்தது. அண்ணன் எழுந்துவிட்டார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கண்ணுக்கு மேல் கையை வைத்து வரிசை வரிசையாகத் தேடினார். எந்த வரிசையில் என்று தெரியாமல், இருட்டாக இருந்த கடைசி வரிசையைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பி நன்றாகக் குனிந்து ஒரு வணக்கம் வைத்தார்.

அடுத்து கல்லூரி முதல்வர் தலைமையுரை. "இந்தக் கல்லூரியில் நாம் பேசாத பொருளே இல்லை" என்று தொடங்கினார். "பட்டினியைப் பற்றிப் பேசினோம். அன்றைய மதிய விருந்தை இன்றும் எல்லோரும் புகழ்கிறார்கள். மரங்களின் மாண்பைப் பற்றிப் பேசினோம். அன்று வந்த வண்டிகளை நிறுத்த இடமில்லாமல் முன்வாசல் மரங்களை அகற்ற வேண்டியதாயிற்று. செவிமடுத்தல் பற்றித் தொடர்ந்து மூன்று நாள் நான் மட்டுமே பேசினேன். இன்று அருகிருத்தல். மனிதன் மனிதனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். இதை விரிவாகச் சொல்லவிருக்கும் சிறப்புப் பேச்சாளருக்கு இங்கு வர விருப்பமில்லாத காரணத்தால் அவர் திரையில் தோன்றுவார்."

பேச்சாளர் திரையில் தோன்றினார். "அருகிருத்தல் என்பது..." என்று வாயைத் திறந்தார். அதோடு படம் உறைந்துவிட்டது. திறந்த வாய் திறந்தபடியே நின்றது. யாரும் அசையவில்லை. மைக்காரர் கம்பிகளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். சின்னவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, படம் நின்னுபோச்சுங்க" என்றான் சின்னவன்.

"தெரியும். அந்த இடைவெளியைத்தான் கவனிக்கணும்" என்றார் அவர்.

அப்போது சட்டைக்குள் போன் அதிர்ந்தது. சின்னவன் ஷூ கயிறு கட்டுகிறவன்போலக் குனிந்து காதில் வைத்தான்.

"எங்க இருக்கீங்க?" மனைவியின் குரல். "மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. பெரியவர் கிளம்பிட்டாரா?"

"பார்த்துட்டேன். இதோ கூட்டிட்டு வந்துடறேன். நீ பயப்படாத."

அவன்தான் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தான். எழுந்து மேடைப் படியை நோக்கி இரண்டு எட்டு வைத்தான். பட்டை குத்திய நாலு பேர் அவனைச் சூழ்ந்து, பேராசிரியரின் தம்பி கழிப்பறை தேடுகிறார் என்று தாங்களாகவே முடிவுகட்டி, அங்கே வழி காட்டி, காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து அதே சோபாவில் உட்கார வைத்தார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

பேச்சாளரின் திறந்த வாயைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு, 'ஆழ்ந்த மௌனத்தால் நம்மை ஆட்கொண்டார்' என்று முதல்வர் பாராட்டி முடித்ததும் கலை நிகழ்ச்சி. நாடகத் துறையின் ஆசிரியர் தாடியைத் தடவிக்கொண்டு வந்து விளக்கினார். இது புதுவகை நாடகம். நடிகர்கள் மேடையில் இருக்கமாட்டார்கள். பார்வையாளர்களுக்கு நடுவிலிருந்து எழுவார்கள். யார் நடிகர், யார் பார்வையாளர் என்று தெரியாது. தெரிந்தால் நாடகம் தோல்வி. சொல்லி முடிப்பதற்குள் நடுவரிசையில் ஒரு பெண் எழுந்து "என்னை யாராவது கேளுங்கள்!" என்று கதறிவிட்டு உட்கார்ந்தாள். கைதட்டல். பின்வரிசையில் ஒருவன் எழுந்து "நான் இங்கே இல்லை!" என்றான். அதற்கும் கைதட்டல்.

சின்னவனுக்குப் பொறுமை போய்விட்டது. இனி மானம் என்ன, மரியாதை என்ன! சோபாவின் மேல் ஏறி நின்றான். அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"அண்ணே! அப்பா சாகக் கிடக்காருண்ணே! உன்னைத்தான் கேக்குறாரு! இறங்கி வாண்ணே!"

அதற்கு விழுந்த கைதட்டலில் மேடைப் பூச்சட்டி ஒன்று உருண்டது. மாணவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். பக்கத்துப் பேராசிரியர் "என்ன இயல்பு, என்ன இயல்பு!" என்று கண்ணைத் துடைத்தார். தாடிக்காரர் ஓடிவந்து, நரைத்த தலையைக்கூடக் கவனிக்காமல், "நீ ரெண்டாம் வருஷமா, மூணாம் வருஷமா? ஒத்திகைக்கு வரவே இல்லையே. பரவால்ல, அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லு, பின்னாடி கேக்கல" என்றார்.

"நடிக்கலைய்யா! எங்கப்பாய்யா!" என்று சின்னவன் அழுதான். அதற்கும் தட்டினார்கள்.

ஒரே ஒருவருக்குத்தான் விளங்கியது. தம்பிக்கு நடிக்கத் தெரியாது என்பது அண்ணனுக்குத் தெரியும். சின்ன வயதில் பள்ளிக்கூட நாடகத்தில் கதவாக நிற்கச் சொன்னதற்கே பயந்து வீட்டுக்கு ஓடிவந்தவன். அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். முதல்வர் உட்கார்ந்தபடியே எட்டி அவர் கையைப் பிடித்தார். முன்வரிசையில் நின்ற சின்னவனுக்கு எல்லாம் கேட்டது.

"எங்க போறீங்க? நன்றியுரை உங்களுது."

"சார், எங்கப்பா... நிஜமாவே..."

"அடப் பாவமே. அப்படின்னா சுருக்கமா முடிச்சிட்டுக் கிளம்புங்க. ஆனா ஒரு பேரையும் விட்டுடாதீங்க. போன வருஷம் துணைப் பதிவாளர் பேரை விட்டவர் இப்ப எங்க இருக்காருன்னு தெரியுமில்ல?"

எல்லோருக்கும் தெரியும். அவர் விடைத்தாள் கிடங்கில் இருக்கிறார். அங்கே ஜன்னல் கிடையாது. அண்ணனோ அடுத்த துறைத் தலைவராக வேண்டியவர். அவர் தம்பியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், முதல்வரைப் பார்த்தார். பிறகு மைக்கிடம் போனார். போகாதே அண்ணே என்று சின்னவன் வாய்விட்டே சொன்னான்.

"துணைவேந்தர் அவர்களுக்கு நன்றி" என்றார் அண்ணன். குரல் உடைந்தது. "பதிவாளர் அவர்களுக்கு நன்றி. துணைப் பதிவாளர் அவர்களுக்கு..." தாரை தாரையாகக் கண்ணீர் வடிந்தது. முதல்வருக்கு நன்றி சொன்னபோது விசும்பினார். திரையில் தோன்றிய பேச்சாளருக்கு நன்றி சொன்னபோது மூக்கைச் சிந்தினார். துறை துறையாகப் போனார், அலுவலகம் அலுவலகமாகப் போனார். ஒலிபெருக்கி அமைத்தவருக்கு நன்றி சொல்லும்போது தேம்பித் தேம்பி அழுதார். மைக்காரர் தன் தொழிலில் இப்படியொரு மரியாதையைக் கண்டதில்லை, அவரும் அழுதுவிட்டார். இவ்வளவு உருக்கமான நன்றியுரை இந்தக் கல்லூரியின் வரலாற்றிலேயே கிடையாது என்று மேடையில் பேசிக்கொண்டார்கள்.

போன் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை சின்னவன் குனியவில்லை.

"என்னங்க, மாமா உங்களைத்தாங்க கேக்குறாரு. பெரியவர் இல்ல, உங்களை. 'சின்னவன் எங்க, சின்னவன் எங்க'ன்னு கண்ணால தேடுறாரு. யாரையும் கூட்டிட்டு வர வேணாம். நீங்க மட்டும் வாங்க, ஓடி வாங்க."

ஓடினான். நாற்காலிகளை இடித்துக்கொண்டு, காலை மிதித்துக்கொண்டு, கதவு வரைக்கும் ஓடி இரண்டு கையாலும் குத்தினான்.

"யாரது?" என்றார் வெளியே காவலாளி.

"திறங்க! எங்கப்பா என்னைத் தேடுறாரு!"

"கல்லூரி கீதம் பாடியாச்சா?"

"இல்ல!"

"அப்ப எப்படிங்க திறக்கிறது? கீதம் கேட்டாத்தான் திறக்கச் சொல்லியிருக்கு."

கீதம் தொடங்கியது. துறைக்கு ஒரு சரணம். ஒவ்வொரு துறையும் தன் பங்குக்கு வற்புறுத்திச் சேர்த்தது. சின்னவன் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். அவன் அப்படி அசையாமல் நிற்பதைப் பார்த்து, அவனுடைய பக்தியைச் சிலர் மெச்சினார்கள். ஒருவழியாகக் கடைசிச் சரணம் முடிந்து தாழ்ப்பாள் விலகியது. ஒரு கால் வெளியே வைத்துவிட்டான். அந்த நேரம் பார்த்துத் தொகுப்பாளரின் குரல்.

"ஒரு நிமிடம்! தொடக்கம் முதல் இறுதி வரை முன்வரிசையில் விழித்திருந்து கேட்டவரைத் தேர்ந்தெடுக்கும்படி நடுவர் குழுவைக் கேட்டிருந்தோம். ஒருவர் மட்டுமே இருந்திருக்கிறார். சிறந்த கேட்பாளர் விருது பெறுபவர், நம் பேராசிரியரின் தம்பி!"

பட்டை குத்தியவர்கள் அவனை அப்படியே பூப்போலத் தூக்கினார்கள். உதறினான், உதைத்தான், "விடுங்கடா பாவிகளா" என்றான். அடக்கம் என்று சிரித்தார்கள். மேடையில் ஒரு கண்ணாடிக் கேடயத்தை அவன் கையில் திணித்தார்கள். ஒரு பக்கம் முதல்வர், ஒரு பக்கம் அழுத முகத்தோடு அண்ணன். புகைப்படக்காரர், "சார், கொஞ்சம் நெருங்கி நில்லுங்க. தலைப்பே அதானே" என்றார். சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. இரண்டு கையாலும் கேடயத்தைப் பிடித்திருந்தான், எடுக்க முடியவில்லை. படம் எடுத்து முடிப்பதற்குள் அதிர்வு நின்றுவிட்டது.

அண்ணனும் தம்பியும் ரொட்டி வேனில் போனார்கள். ஆஸ்பத்திரி நடையில் சின்னவனின் மனைவி எழுந்து நின்றாள். அவள் நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது.

"கடைசியா என்ன சொன்னாரு?" என்று அண்ணன் கேட்டார்.

அவள் சொல்லத் தயங்கினாள். பிறகு சின்னவனைப் பார்த்துச் சொன்னாள். "'சின்னவன் எங்க'ன்னாரு. பெரியவரைக் கூட்டிட்டு வரப் போயிருக்காருன்னு சொன்னேன். 'அவன் மேடையில இருப்பான், வரமாட்டான். பக்கத்துல இருந்த பையனையும் ஏம்மா அனுப்பிட்ட?'ன்னாரு. அப்புறம் ஒண்ணும் பேசல."

சின்னவன் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கையில் சூடு இன்னும் முழுதாகப் போகவில்லை. அண்ணன் சுவரோரமாக நின்றார். உலகத்தில் எந்தத் தலைப்புக்கும் முன்தயாரிப்பு இல்லாமல் பேசக்கூடியவர், வாயைத் திறந்து திறந்து மூடினார்.

அவருடைய போன் அடித்தது. கூடையிலிருந்து எடுத்ததும் பழக்கத்தில் ஆன் செய்து வைத்திருந்தார். பெயரைப் பார்த்துவிட்டு, எடுக்கத் தெம்பில்லாமல் தம்பியிடம் நீட்டினார். முதல்வர்.

"கேள்விப்பட்டோம், பேராசிரியரே. கல்லூரியே கலங்கிப்போயிருக்கு" என்றது அந்தக் குரல். "அடுத்த வாரம் அதே அரங்கத்துல ஒரு இரங்கல் கூட்டம் ஏற்பாடு பண்ணிட்டோம். தலைப்பு 'தந்தையெனும் தத்துவம்'. நீங்க சிறப்புரை. உங்க தம்பி அவசியம் வரணும், அவர் மாதிரிக் கேட்கிறவங்க கிடைக்கமாட்டாங்க. உங்க தந்தையார் ஒரே ஒரு தடவையாவது நம்ம கல்லூரிக்கு வந்திருக்கலாம்."

"நான் தம்பிதான் பேசுறேன்" என்றான் சின்னவன். "அவரு வந்தாரே ஐயா. இன்னைக்குத்தான் வந்துட்டுப் போனாரு. நீங்கதான் வருக வருகன்னு வரவேற்பு குடுத்தீங்க. எல்லாரும் கை தட்டுனீங்க. எங்கண்ணன் எழுந்து நின்னு கும்பிட்டாரு."

மறுமுனையில் முதல்வர் உண்மையிலேயே பதறிப்போய், "அடடா! நன்றியுரையில அவர் பேர் விட்டுப்போச்சே!" என்றார்.

சின்னவன் போனை அணைத்து அண்ணனிடம் கொடுத்தான்.

"என்னடா சொன்னாரு?" என்றார் அண்ணன்.

"ரொம்ப வருத்தப்பட்டாருண்ணே. நீ வா, வந்து இப்படி உட்காரு" என்று சின்னவன் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டான்.